முனகும் தோலும் முனகாத கூம்பும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், மூலையில் உறை போட்ட ஒரு மிருதங்கம். ஒருநாள் சாதகம் முடித்துவிட்டு உறையை மாட்ட மறந்து பாட்டுப் போட்டேன். பாட்டில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் எங்கிருந்தோ மெல்லிய முனகல். ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன், ஆம்ப்பை அணைத்துப் போட்டேன். கடைசியில் மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், விரலை வைத்ததும் முனகல் நின்றது. யாரும் தட்டாமலே அது பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. தொட்டிலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் ஒரு விரலால் தள்ளினாலே போதும், நன்றாக ஆடும். இழுத்துக் கட்டிய தோலும் அப்படித்தான். அதற்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண் காற்றில் வந்து தட்டினால் அதுவும் கூடச் சேர்ந்து அதிரும். ஒத்ததிர்வு என்று பள்ளியில் படித்தது இதுதான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு உறைத்தது வேறு. அந்த அறையில் அதிர்கிற சவ்வு இரண்டு வகை: மிருதங்கத்தின் தோல், ஸ்பீக்கரின் கூம்பு. தோலுக்குத் தன் குரலில் பாடத் தெரிய வேண்டும். கூம்புக்குத் தன் குரலே இருக்கக் கூடாது. தோல்வாத்தியம் செய்பவரும் ஸ்பீக்கர் செய்பவரும் ஒரே இயற்பியலை எதிரெதிர்த் திசையில் இழுக்கிறார்கள்.

முதலில் தோலை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டச் சட்டத்தில் எல்லா இடத்திலும் ஒரே கனமுள்ள தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அது ஒரே ஒரு அதிர்வெண்ணில் அதிராது. முழுத் தோலும் மேலும் கீழும் போவது ஒரு விதம். பாதி மேலேயும் பாதி கீழேயும் போவது இன்னொரு விதம். நான்கு துண்டாகப் பிரிந்து ஆடுவது மற்றொன்று. முதல் விதத்தின் அதிர்வெண்ணை 100 என்று வைத்துக்கொண்டால் அடுத்தடுத்தவை ஏறத்தாழ 159, 214, 230, 265 என்று வரும். தம்புராக் கம்பியில் இது 100, 200, 300, 400 என்று முழு மடங்குகளாக வரும், அதனால் காது அதை ஒரு சுருதியாகச் சேர்த்துக் கேட்கிறது. 159-ஐயும் 214-ஐயும் சேர்க்கக் காதால் முடியாது. பறையிலும் செண்டையிலும் நாம் கேட்கும் முழக்கத்துக்கு இந்தச் சேராமையும் ஒரு காரணம். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்துச் சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா வரும்போது யாரும் சுருதி பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார், 1934-இல் விரிவான கட்டுரையாகவே எழுதினார். தோல்மேல் நுண்ணிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கோடுகளை வைத்தே தோல் எப்படித் துண்டுபட்டு ஆடுகிறது என்று அவர் படித்தார். ரகசியம் முழுக்க நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் இருந்தது. கரணை என்போம், சிலர் சோறு என்பார்கள். கறுப்புக் கல்பொடியை வேகவைத்த சோற்றோடு குழைத்து, மெல்லிய அடுக்கு அடுக்காகத் தேய்த்து ஏற்றுவது அது. நடுவில் கனம் கூடியதும் அதிர்வெண்கள் இடம் மாறுகின்றன. தோலின் முதல் ஒன்பது அதிர்வு விதங்களும் ஐந்து கூட்டங்களாகச் சேர்ந்து, 100, 200, 300, 400, 500 என்ற வரிசையில் வந்து நிற்கின்றன. ஒன்பது பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஐந்து வரிசையாக நிற்க வைத்திருக்கிறது ஒரு சோற்று உருண்டை. சமன்பாடு எதுவும் இல்லாமல், தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி தேய்த்தே நம் கைவினைஞர்கள் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

'நம்' என்று வாசிக்கும்போது மோதிர விரல் கரணை ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரல் மீட்டில், அதாவது ஓரத்துத் தோல் வளையத்தில், அடிக்கும். ஏன் அந்த விரலை அங்கே வைக்கச் சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்த ஐயா விளக்கியதில்லை. 'வை' என்பார், வைத்தேன். விரல் தொடுமிடம் அசைய முடியாததால் முழுத்தோலும் சேர்ந்து ஆடும் முதல் விதம் அடங்கி, அடுத்த விதங்கள் தெளிவாக எழுகின்றன என்பது ராமனைப் படித்த பிறகுதான் புரிந்தது.

இடந்தலைப் பக்கம் கதை இன்னும் எளிது. வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து நடுவில் அப்புகிறோம். கனம் கூடினால் அதிர்வெண் குறையும். ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும் எடையை நான்கு மடங்காக்கினால் ஆட்டத்தின் வேகம் பாதியாகும், அதே கணக்கு. இந்த ரவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான ஊஃபருக்குப் போகும்போது வேண்டும்.

இனி கூம்பு. இன்றைக்கு வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் வெளியிட்ட வடிவத்தின் வாரிசுகள். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் போனால் சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். தாழ்ந்த ஒலிக்குக் கூம்பு மிகவும் உழைக்க வேண்டும். அதே சத்தம் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், வேண்டுமென்றால் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் தொப்பியின், அதாவது இடந்தலையின், 'தோம்' சுருங்கிப் போவது இதனால்தான். சின்னப் பெட்டியிலும் தாழ்ந்த ஒலி வரவைக்க என்ன செய்கிறார்கள்? ரவை அப்புகிறார்கள்! அதாவது கூம்பைக் கனமாக்குகிறார்கள். அதிர்வெண் இறங்கும், ஆனால் கனத்தை ஆட்ட அதிக வாட்ஸ் கேட்கும்.

கூம்பும் ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும் எடைதான் என்பதால் அதற்கும் சொந்த அதிர்வெண் இருக்கிறது. தட்டினால் அதுவும் முனகும். அந்த முனகலை நிறுத்துவது யார்? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, செய்து பாருங்கள். எதோடும் இணைக்காத பழைய ஊஃபர் ஒன்றை எடுத்துக் கூம்பை விரலால் மெல்லத் தட்டினால் 'தொம்ம்' என்று கேட்கும். இப்போது அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுத் தட்டுங்கள். 'டப்'. அவ்வளவுதான், யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கியது போல அடங்கிவிடும். காந்தத்துக்குள் அசையும் சுருள் தானே மின்சாரத்தை உண்டாக்குகிறது. பாதை கிடைத்ததும் அந்த மின்சாரம் ஓடி, அசைவுக்கு எதிராகவே இழுத்துப் பிடிக்கிறது. நல்ல ஆம்ப்ளிஃபயர் அந்தத் துண்டு ஒயரைப் போலவும் நடந்துகொள்ளும், பாட்டைக் கொடுத்துக்கொண்டே கூம்பை அடக்கியும் வைக்கும். (ஆம்ப்போடு இணைந்திருக்கும்போது மட்டும் முனைகளைச் சேர்த்துவிடாதீர்கள். ஆம்ப் போய்விடும்.)

மிச்ச அடக்கம் பெட்டியிலிருந்து வருகிறது. எட்கர் வில்ச்சர் 1954-இல் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். கூம்பைப் பிடித்திருக்கும் விறைப்பான வளையத்துக்குப் பதிலாக உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்தது. பெட்டி சின்னதானது, ஒலி சுத்தமானது. மற்றொரு வகைப் பெட்டியில் ஓட்டையும் குழாயும் இருக்கும். அது நம் கடம்தான். கடத்தின் வாயைத் திறந்து வைத்து அடிக்கும்போது எழும் 'கும்' என்ற ஆழ்ந்த ஒலி, உள்ளிருக்கும் காற்று வாய்வழியே முன்னும் பின்னும் ஆடுவதால் வருகிறது. அதே ஆட்டத்தைத் தாழ்ந்த ஒலிக்குத் துணைக்குக் கூப்பிடுகிறது குழாய். ஆஸ்திரேலியாவில் தீல் 1961-இலும், ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும் இதற்குச் சரியான கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். கணக்குப்படி செய்தால் அருமையாக இருக்கும். மலிவுப் பெட்டிகளில் வாடிக்கையாளர் நெஞ்சு அதிரட்டும் என்று வேண்டுமென்றே ஒரே இடத்தில் தூக்கிவிட்டிருப்பார்கள். அப்போது தவிலும் 'பும்', டிரம்ஸும் 'பும்', தாழ்ந்த கிதார் கம்பியும் 'பும்'. பெட்டி தன் சுருதியை எல்லாப் பாட்டிலும் வாசிக்கிறது. அதைவிட தாழ்ந்த ஒலி கொஞ்சம் குறைவாக வரும் மூடிய பெட்டியே மேல் என்பது என் கட்சி.

பெருவெம்பில் தோல்வாத்தியம் செய்யும் சேட்டன் ஒருவர் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மூட்டிக் கொடுத்த மிருதங்கத்தை நானே வாசித்துப் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பாதி மலையாளம் பாதித் தமிழில் சொன்னார்: "நாதம் உண்டு. அடி இல்லை." சுருக்கென்றது, ஆனால் சரியாகச் சொன்னார். அடி என்பது தோலில் விரல் படும் முதல் சில மில்லி செகண்டு. அதில்தான் சத்தத்தின் உச்சம் இருக்கிறது, வாத்தியம் எது என்று காது அடையாளம் கண்டுகொள்வதும் பெரிதும் அதை வைத்துத்தான். பதிவில் அந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டால் மிருதங்கமா வேறு எதுவுமா என்று தடுமாறுவோம்.

அந்த உச்சத்துக்கு எவ்வளவு மின்சக்தி வேண்டும்? டெசிபல் கணக்கில் 10 கூடினால் சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. அறையில் சௌகரியமாகப் பாட்டுக் கேட்க ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 1 வாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஓர் அடி, சராசரியைவிட 20 டெசிபல் மேலே எழும்பினால் அந்தக் கண்ணிமைப்புக்கு மட்டும் 100 வாட்ஸ் வேண்டும். கொடுக்க முடியாத ஆம்ப், அலையின் தலையைச் சீவித் தட்டையாக்கிவிடும். பெரும்பாலான சினிமாப் பாட்டில் இந்தச் சிக்கல் தெரியாது, ஒலிப்பதிவிலேயே உச்சங்களை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டியிருப்பார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு மைக் பிடிக்காது என்பது கச்சேரி உலகம் அறிந்த கதை. அவர் காரணங்கள் அவருக்கு. எனக்கென்னவோ இந்தச் சீவலும் அவர் காதில் பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

சீவுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதற்கு நான் காசு கொடுத்துப் படித்தேன். '1000 வாட்ஸ்' என்று பெட்டியில் அச்சடித்த ஒரு செட்டை வாங்கியிருந்தேன். எந்தக் கணக்கில் 1000 என்று கேட்டால் யாருக்கும் தெரியாத வாட்ஸ் அது. நிஜத்தில் சானலுக்கு 15 வாட்ஸ் இருந்திருந்தாலே அதிகம். பொங்கலன்று உறவினர்கள் வந்த உற்சாகத்தில் முழுதாகத் திருப்பினேன், அரை மணி நேரத்தில் உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகியது. இத்தனை சின்ன ஆம்ப் எப்படி எரிக்கும்? தாழ்ந்த ஒலி எட்ட முடிந்த உயரத்தை எட்டி வெட்டுப்பட்டு நிற்கும். குமிழைத் திருப்பத் திருப்ப, வெட்டுப்படாத உயர்ந்த ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட ஓரங்களிலிருந்தும் புதிய உயர்ந்த ஒலிகள் பிறக்கும். அத்தனையும் மெல்லிய கம்பிச்சுருள் வைத்த ட்வீட்டர் தலையில்தான் விழுகிறது. கொஞ்சம் பெரிய ஆம்ப்பை அடக்கி வாசிப்பது, சின்ன ஆம்ப்பைக் கதறவிடுவதைவிடப் பாதுகாப்பு.

சரி, எல்லாம் நல்லதாக வாங்கியாயிற்று. அப்புறம் அறை இருக்கிறது. இரண்டு சுவர்களுக்கு இடையில் 12 அடி என்றால், 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும் கணக்கில், 48 ஹெர்ட்ஸை ஒட்டி அந்த அறையே ஒத்ததிரும். அதன் மடங்குகளிலும் அதிரும். ஆக அறையும் ஒரு தோல்வாத்தியம்தான், தோலுக்குப் பதில் காற்று. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் இந்த உபத்திரவம் எனக்குத் தெரிந்ததில்லை, தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கு ஓட்டு இடுக்கு வழியே தெருவுக்குப் போய்விடும். கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்த பிறகுதான் 'தோம்' ஒன்று அடித்தால் மூன்று கேட்கத் தொடங்கியது. முட்டை அட்டையை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 7 மீட்டர், அரை விரல் கனமுள்ள அட்டை அதை என்ன செய்யும்? சுவரை ஒட்டித்தான் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் மிக அதிகம். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நான்கடி முன்னால் இழுத்தேன், ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளினேன். பைசா செலவில்லாமல் பாதிக்கு மேல் சரியானது. மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியதில் கைதட்டினால் எழும் 'டிர்ர்' ஓசையும் குறைந்தது.

ஆடியில் கணவாய் வழியாக ஈரக் காற்று வரும்போது தோல் நெகிழ்ந்து சுருதி இறங்கும். தை, மாசியில் வறண்ட காற்றில் ஏறும், கல்லும் கட்டையுமாக ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மூலையில் இருக்கும் மிருதங்கம் எந்த ஸ்வரத்துக்கு முனகும் என்பதும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சேட்டன் அடுத்த முறை வந்தபோது புது ஆம்ப்பில் அதே பதிவைப் போட்டேன். அவர் ஸ்பீக்கரைக் கவனிக்கவில்லை. நேராக மூலைக்குப் போய், முனகிக்கொண்டிருந்த வலந்தலையைக் காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "கரணை நல்லா நிக்குது" என்றார். அதன்பிறகு உறையை மாட்டி உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இனி போடுங்க" என்று உட்கார்ந்தார்.