புத்தகத்துக்குப் பக்கத்தில் பாலிசி பாண்டையும் வையுங்கள்

போன மார்ச் மாதக் கடைசி. வருமான வரி வேலைகள் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஆசிரியை என் அலுவலகத்துக்கு வந்தார். தனியார் பள்ளியில் கணக்கு எடுப்பவர், வயது 44. பணத்தை நிர்வகிப்பது பற்றிய ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. “சார், இதை ரெண்டு தடவை படிச்சுட்டேன். எல்லாம் புரியுது. ஆனா நான் என்ன செய்யணும்னு மட்டும் தெரியலை” என்றார்.

18 வருடமாக மற்றவர்களுடைய வரவு செலவைப் பார்த்து வருகிறேன். இப்படிப் படித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் படித்தவர்களும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். புத்தகத்தில் இருப்பது வேறு யாருடையதோ கணக்கு. தங்கள் கணக்கு பீரோவில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இல்லை.

“டீச்சர், அடுத்த தடவை பாலிசி பாண்டு, பாஸ்புக், பிஎஃப் விவரம், நகைக்கடன் ரசீது, என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க” என்றேன். மறுவாரம் வந்தார்.

பையில் மூன்று ஆயுள் காப்பீட்டு பாலிசிகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு வருடம் 50,000 ரூபாய் பிரீமியம், 20 வருடம். கட்டுவது 10 லட்சம், முதிர்வில் ஏறக்குறைய 18 லட்சம் வரும் என்று முகவர் எழுதிக் கொடுத்திருந்தார். “கிட்டத்தட்ட டபுள் சார்” என்றார் டீச்சர். எக்செல்லில் 20 வருடத் தொகைகளையும் கடைசியில் வரும் 18 லட்சத்தையும் போட்டு, ஐஆர்ஆர், அதாவது கட்டிய பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்ற கணக்கைப் பார்த்தோம். வருடத்துக்கு 5.3 சதவீதம்தான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிள்ளைகளுக்குக் கூட்டு வட்டி நடத்துகிறவர் அவர். பணவீக்கத்துக்குக் கீழே வளரும் பணம் உண்மையில் குறைகிறது என்று அந்தப் புத்தகத்திலேயே ஒரு அத்தியாயம் இருந்தது. அதன் கீழேயும் கோடு போட்டிருந்தார்.

அதனால் படிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த விஷயத்துக்கு உங்கள் வீட்டில் உள்ள காகிதத்தை எடுங்கள். கடன் பற்றிய அத்தியாயமா? வீட்டுக்கடன் ஸ்டேட்மெண்டில் போன வருடம் வட்டிக்கு எவ்வளவு போனது, அசலில் எவ்வளவு கழிந்தது என்று பாருங்கள். அவசர நிதி பற்றியதா? மூன்று மாதச் செலவை உங்கள் எண்ணில் எழுதுங்கள். ஒரு வருடத்தில் இப்படி ஒரே ஒரு புத்தகம் படித்தாலும் போதும். பத்துப் புத்தகத்தைப் படித்துவிட்டு அலமாரியில் அடுக்கியவரைவிட நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள்.

அடுத்தது, அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. 2017-இல் வந்த ஒரு இந்தியப் புத்தகம், பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து சந்தையில் விற்றால் லாபத்துக்கு வரி இல்லை என்று சொல்லும். அன்றைக்கு அது சரி. 2018 ஏப்ரலிலிருந்து 1 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 10 சதவீதம் வந்தது. 2024 ஜூலை 23 முதல் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம். வங்கி டெபாசிட்டுக்கு 1 லட்சம் வரைதான் காப்பீடு என்று பழைய புத்தகத்தில் இருக்கும். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாகிவிட்டது. பழைய புத்தகம் சொல்கிறதே என்று 80சி வரிக் கழிவுக்காக பாலிசி எடுக்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது.

நாடும் முக்கியம். தமிழில் மொழிபெயர்ப்பாகி நன்றாக விற்கும் பல புத்தகங்கள் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அவற்றின் ஓய்வூதியக் கணக்கு, வீட்டுக்கடன் விதி, வரி எல்லாம் அங்கத்தியவை. நமக்கு இபிஎஃப் (தொழிலாளர் வைப்பு நிதி), பிபிஎஃப் (பொது வைப்பு நிதி), என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கின்றன. அவற்றைப் பற்றி அந்தப் புத்தகங்களில் ஒரு வரிகூட இருக்காது. கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள், சதவீதத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

யார் எழுதினார்கள், யார் செலவில் வந்தது என்பதையும் கவனிக்கலாம். சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கை முதலில் உனக்காக எடுத்து வை என்று பாபிலோன் நகரத்துக் கதைகளாகச் சொல்லும் புத்தகம் 1926-இல் அமெரிக்காவில் வந்தது. அந்தக் கதைகளை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சிறு பிரசுரங்களாக மக்களுக்குக் கொடுத்தன. அறிவுரை இன்றைக்கும் நல்ல அறிவுரைதான், நானே பலருக்குச் சொல்கிறேன். ஆனால் எடுத்து வைத்த அந்தப் பணம் எங்கே போகிறது என்பது தனிக் கேள்வி. பிரசுரத்தைக் கொடுத்தவரிடமே அதைக் கேட்கக் கூடாது.

‘தினமும் டிரேடிங்கில் சம்பாதிக்கலாம்’ வகைப் புத்தகங்கள் எனக்குக் கவலை தருகின்றன. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் (பங்குகளின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொன்னது. இருபத்தைந்து வயதுப் பையன்கள் பர்சனல் லோன் வாங்கி இதில் விட்டுவிட்டு, வீட்டில் சொல்ல முடியாமல் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி, அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடு.

நம் ஊரில் பெரும்பாலோர் பணம் போடும் இரண்டு இடங்கள் புத்தகங்களில் சரியாக வருவதே இல்லை. ஒன்று சீட்டு. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் கீழ் வருகிறது. பணம் கட்டும் முன் அந்த அனுமதி ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. இன்னொன்று நகை. செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதும்போது அந்த இரண்டையும் கழித்துவிட்டு எழுதுங்கள்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கி, செபி, தேசிய நிதிக் கல்வி மையம் ஆகியவை நிதி விழிப்புணர்வுக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. பொது நூலகங்கள் இருக்கவே இருக்கின்றன. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, உரிமையோடு போய்ப் படியுங்கள்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 5.3 சதவீதத்தைப் பார்த்ததும் மூன்று பாலிசிகளையும் அன்றைக்கே சரண்டர் பண்ண வேண்டும், பாதியில் முடித்து வருகிற பணத்தை வாங்கிவிட வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். ஒன்றுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி, அது அப்படியே ஓடட்டும். மற்ற இரண்டையும் பெய்டு-அப் ஆக்க, அதாவது இனி பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகைக்குத் தொடர, முடிவு செய்தோம். அதுவும் முதலில் ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) எடுத்து, அந்தப் பாண்டு கைக்கு வந்த பிறகுதான். இடையில் ஒரு நாள்கூடக் குடும்பத்துக்குக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது.

கடைசியாக பிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தோம். பழைய பள்ளியின் பிஎஃப் மாற்றப்படாமல் கிடந்தது. நாமினி இடத்தில், கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய அப்பாவின் பெயர். அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. டீச்சர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கணவருக்கும் மகளுக்கும் போன் செய்து ஆதார் எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டார், புத்தகத்தின் கடைசி வெள்ளைப் பக்கத்தில்.