சாவி கொடுக்காத கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது யார்?

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவின் கையில் நீல டயல் வைத்த ஸீக்கோ 5 ஒன்று இருந்தது. இரண்டு நாள் மேசையில் கிடந்து நின்றுபோனால், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உதறுவதுபோல அதை நாலு உதறு உதறுவார். நொடிமுள் ஓடத் தொடங்கிவிடும். அதில் பேட்டரி கிடையாது. பக்கவாட்டுக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கவும் வழியில்லை. அந்த மாடலில் அந்த வசதியே வைக்கவில்லை. பின்பக்கம் கண்ணாடி மூடி. அதற்குள்ளே அரைவட்டமாக ஓர் உலோகத் தகடு மட்டும் அங்குமிங்கும் ஆடிக்கொண்டிருக்கும். பள்ளி நாட்களில் நான் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே பல மணி நேரம் செலவிட்டிருக்கிறேன்.

இன்று விலையுயர்ந்த கடிகாரங்கள் விற்கும் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பவள நிறம், மயில் நீலம், மஞ்சள், பச்சை என்று முகப்புகள் ஜொலிக்கின்றன. திருப்பிப் பார்த்தால் அதே அரைவட்டத் தகடு. விலையில் நூறு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தகடு செய்யும் வேலை ஒன்றுதான். அதற்கு ரோட்டர் என்று பெயர்.

ரோட்டரைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படம் பெரும்பாலும் தலைகீழானது. கையை ஆட்டினால் ரோட்டர் சுழல்கிறது என்று நினைக்கிறோம். கண்ணாடி மூடி உள்ள கடிகாரம் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள்: மூடி உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, பஸ் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்புங்கள். மூடியில் பொறித்த எழுத்துகள் சுற்றும், குமிழ் சுற்றும், வார் சுற்றும். ரோட்டரின் கனத்த விளிம்பு மட்டும் தரையைப் பார்த்தபடி அப்படியே நிற்கும். திருவிழா ராட்டினத்தில் சக்கரம் சுற்றும்போது தொட்டில் மட்டும் நிமிர்ந்தே தொங்குகிறதே, அதே காரணம்தான். அச்சு நடுவில், எடை ஒரு பக்கம். புவியீர்ப்பு அந்தப் பக்கத்தைக் கீழேயே வைத்திருக்கிறது. நம் கைதான் கடிகாரத்தை அதைச் சுற்றித் திருப்புகிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும்.

அதே கடிகாரத்தை மேசையில் படுக்கவைத்து மெல்லத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. ஈர்ப்பு இப்போது அச்சின் திசையிலேயே கீழ்நோக்கி இழுக்கிறது. வலமா இடமா என்று ரோட்டருக்குச் சொல்ல யாருமில்லை. ஆனால் சடாரென்று திருப்பினால் கடிகாரம் முந்திக்கொள்ளும், ரோட்டர் பின்தங்கும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சாய்வதுபோல இது நிலைமத்தின் வேலை. நாம் நடக்கும்போதும், தட்டில் சோறு பிசையும்போதும், பேசிக்கொண்டே கையை ஆட்டும்போதும் ஈர்ப்பும் நிலைமமும் மாறி மாறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது? தோராயமாகக் கணக்குப் போடலாம். ரோட்டரின் எடை நாலைந்து கிராம். அதன் எடைமையம் அச்சிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அடிக்கு வந்தால் 16 மில்லிமீட்டர் இறக்கம். கிடைக்கும் ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கு மேல் உராய்வுக்குப் போனாலும் வியப்பில்லை. இதை வைத்து என்ன ஓடும் என்று தோன்றும். கடிகாரத்தின் தேவை அதைவிட வியப்பானது. சாவி கொடுப்பது என்றால் உள்ளே இருக்கும் சுருள்வில்லை இறுக்குவது. முழுதாகச் சுருட்டிய அந்த வில்லில் இருக்கும் மொத்த ஆற்றலே பெரும்பாலும் அரை ஜூலைத் தாண்டாது. நூறு கிராம் கொய்யாப்பழம் ஒன்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குத் தூக்கும் உழைப்பு அது. அந்த ஒரு கொய்யாவின் உழைப்பில் ஒரு சாதாரண கடிகாரம் நாற்பது மணி நேரம் ஓடுகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை சரிபார்த்தேன்.

எடைதான் எல்லாம் என்பதால் ரோட்டரின் உலோகத்துக்கு மதிப்பு வருகிறது. பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 8.5 கிராம். டங்ஸ்டன் 19.3, தங்கமும் 19.3, பிளாட்டினம் 21.4. பல ரோட்டர்களில் நடுப்பகுதி மெல்லிய தகடாகவும், வெளிவிளிம்பு மட்டும் டங்ஸ்டன் கலவையாலான கனத்த பட்டையாகவும் இருக்கும். எடையை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு திருப்பும் பலம். ஆகவே தங்க ரோட்டர் வெறும் பகட்டு அல்ல. இடம் குறைவாக உள்ள மெல்லிய கடிகாரத்தில் அதற்கு உண்மையான பயன் இருக்கிறது.

அடுத்த சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கை இருபக்கமும் ஆடும். ரோட்டர் வலமாகவும் சுழலும், இடமாகவும் சுழலும். சுருள்வில்லையோ ஒரே திசையில்தான் சுருட்ட முடியும். சில கடிகாரங்கள் பாதி அசைவை விட்டுவிடுகின்றன: ஒரு திசையில் மட்டும் சாவி ஏறும், மறு திசையில் ரோட்டர் சைக்கிளின் பின்சக்கரம்போலச் சும்மா ஓடும். காதருகே வைத்து ஆட்டினால், ஒரு பக்கம் விர்ரென்று ஓடும் சத்தம் கேட்கும். இரு திசையையும் பயன்படுத்தும் கடிகாரங்களில் மாற்றுச் சக்கரங்கள் என்ற இணை உண்டு. ஒவ்வொன்றிலும் ஒருவழித் தடை. ரோட்டர் எப்பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளும்.

1959-இல் ஸீக்கோ இதைவிட எளிய ஒரு வழியைக் கொண்டுவந்தது. மேஜிக் லீவர் என்று பெயர். ரோட்டரோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தில், மையத்திலிருந்து சற்று விலகி ஒரு முளை. அந்த முளையில் கவட்டை வடிவில் ஒரு கம்பி. கவட்டையின் இரு கைகளும் ஒரு பல்சக்கரத்தை இருபுறமும் தழுவி நிற்கும். முளை முன்னே வரும்போது ஒரு கை பல்லைத் தள்ளும். பின்னே போகும்போது மறு கை பல்லை இழுக்கும். கிணற்றில் வாளிக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்போமே, அப்படி: ஒரு கை இழுக்கையில் மற்றது அடுத்த பிடிக்குப் போகும், கயிறு மேலே மட்டும்தான் வரும். சித்தப்பாவின் கடிகாரத்தில் இருந்தது இந்தக் கவட்டைதான். மலிவான கடிகாரத்துக்குள் இவ்வளவு சுருக்கமான யோசனை இருந்தது என்பது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

அங்கிருந்து பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகின்றன. ரோட்டர் பல பத்துச் சுற்றுகள் சுற்றினால்தான் சுருள்வில் ஒரு சுற்று இறுகும். முழுதும் இறுகிய பிறகும் கை ஆடிக்கொண்டே இருந்தால் வில் அறுந்துவிடாதா? அறுவதில்லை. வில்லின் வெளிமுனை அதன் உருளையில் இறுக்கிப் பொருத்தப்படவில்லை. உருளையின் உட்சுவரை அழுத்திக்கொண்டு மட்டும் நிற்கிறது. அளவுக்கு மேல் இறுகும்போது அது வழுக்கிச் சற்று நகர்ந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும். இந்த வழுக்கும் வில்லுக்குக் கடிகாரக் கலைஞர் அட்ரியன் ஃபிலிப் காப்புரிமை பெற்ற ஆண்டு 1863. தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரம் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே அதற்கான பாதுகாப்பு தயாராகிவிட்டது.

தானாகச் சாவி ஏறும் யோசனை அதைவிடவும் பழையது. சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம்-லூயி பெரலே 1770-களில் இப்படிப்பட்ட சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்தார். கால் மணி நேரம் நடந்தால் எட்டு நாளைக்குப் போதும் என்று 1777-இல் ஜெனீவாவின் கலைச் சங்கம் பதிவு செய்தது. அதே காலத்தில் இன்றைய பெல்ஜியத்திலுள்ள லியேஜ் நகரத்து ஹூபர்ட் சார்ட்டனும் ரோட்டர் வைத்த கடிகாரத்தின் வரைபடத்தைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்தார். முதல் ரோட்டர் யாருடையது என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் நடக்கிறது. எப்படியானாலும் சட்டைப்பை அதற்கு ஏற்ற இடமல்ல. பையில் கிடக்கும் கடிகாரம் எவ்வளவுதான் அசையும்? கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிய பிறகே இந்த யோசனைக்கு உயிர் வந்தது. குமிழ் நுழையும் துளை வழியாகத் தூசியும் ஈரமும் போய்க் கடிகாரங்கள் கெடுவதைக் கண்ட ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட், குமிழே தேவைப்படாத கைக்கடிகாரத்துக்கு 1924-இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். அதில் எடை முழுச் சுற்று சுற்றாது. இரு முனைகளிலும் இருந்த வில்களில் முட்டி முட்டித் திரும்பும். தடையின்றிச் சுற்றும் ரோட்டரை 1931-இல் ரோலெக்ஸ் கொண்டுவந்தது. 1948-இல் எட்டர்னா ரோட்டரின் அச்சில் ஐந்து நுண்ணிய குண்டுகள் கொண்ட பேரிங்கை வைத்தது. அந்த ஐந்து குண்டுகளே பின்னர் அந்நிறுவனத்தின் சின்னமாயின.

சேமித்த ஆற்றலைக் காலமாக மாற்றுவது சமன்சக்கரம். மயிரிழை போன்ற சுருள் ஒன்று அதை இங்குமங்கும் ஆட்டுகிறது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் இது மணிக்கு 28,800 முறை தட்டுகிறது, அதாவது நொடிக்கு எட்டு. ஓர் ஆண்டில் 25 கோடித் தட்டுகள். நொடிமுள் துள்ளாமல் வழுக்கிச் செல்வதுபோலத் தெரிவது இந்த எட்டுச் சிறு அடிகளால்தான்.

இனி நிறத்துக்கு வருவோம். முகப்பு என்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பித்தளைத் தகடு. அதன்மேல் வெறும் வண்ணம் பூசினால் சுவர்போல இருக்கும். கையைச் சாய்க்கும்போது வெளிச்சம் விசிறியாய் ஓடுகிறதே, அது வண்ணத்தால் வருவதில்லை, கீறல்களால் வருகிறது. தகட்டின் மையத்திலிருந்து விளிம்புவரை கதிர்போல மெல்லிய கோடுகளைத் தூரிகையால் தேய்த்து உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு கீறலும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்கே விரித்து வீசுகிறது. நம் கண்ணை நோக்கி வீசும் கோணத்தில் இருக்கும் கோடுகள் மட்டும் மின்னுகின்றன. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். அதே விசிறி ஓடும். இந்தக் கோடுகள்மேல் ஒளி ஊடுருவும் வண்ண அரக்கைப் படலம் படலமாகப் பூசிக் காயவைத்து மெருகேற்றினால், நிறம் ஆழத்திலிருந்து வருவதுபோல இருக்கும்.

எனாமல் முகப்பு வேறு வகை. நிறமூட்டிய கண்ணாடித் தூளைத் தகட்டில் பரப்பிச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் உலையில் உருக்குகிறார்கள். ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு முறை உலை. ஒவ்வொரு முறையும் விரிசல் விழும் அபாயம். தப்பிப் பிழைத்த முகப்பு இருநூறு ஆண்டுகள் ஆனாலும் வெளுக்காது, ஏனெனில் அது கண்ணாடி.

நிறமியே இல்லாத நிறமும் உண்டு. கண்ணாடி மூடி வழியே பார்த்தால் ரோட்டருக்கு அடியில் நீலத் திருகாணிகள் தெரியும். அவற்றில் சாயமே இல்லை. எஃகைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கினால் மேற்பரப்பில் மிக நுண்ணிய ஆக்சைடு படலம் உருவாகும். படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்களை அழித்து நீலத்தைத் தூக்கிக் காட்டும். மழை பெய்த சாலையில் எண்ணெய் சிந்தினால் வானவில் தெரிவது இதே விளைவுதான். சில டிகிரி முந்தினால் ஊதா, பிந்தினால் வெளிறிய நீலம். கைத்தொழிலாளி நிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தீயிலிருந்து எடுக்கிறார். டைட்டானியத்தில் இதை மின்னழுத்தத்தால் செய்யலாம். அழுத்தத்தை மாற்றினால் படலத்தின் தடிமன் மாறும், நிறமும் மாறும்.

2020-இல் ரோலெக்ஸ் தன் எளிய ஆய்ஸ்டர் பெர்பெச்சுவலைப் பவளச் சிவப்பிலும் மஞ்சளிலும் மயில் நீலத்திலும் வெளியிட்டபோது சந்தையே அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரில், டிஃபனி நிறுவனத்தின் வெளிர்நீலத்தில் செய்த படேக் ஃபிலிப் கடிகாரம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை, அரிதாகக் கிடைக்கும் பொருள் என்பதற்கான விலை. நிறத்தைப் பூசிய கையின் திறமையை அதில் யாரும் அளக்கவில்லை என்பது என் எண்ணம்.

ரோட்டரைக் காட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு: அது தனக்குக் கீழே இருக்கும் அழகில் பாதியை மறைத்துவிடும். 1950-களில் பியூரன், யூனிவர்சல் ஜெனீவ் ஆகிய நிறுவனங்கள் இயந்திரத்துக்குள்ளேயே புதைந்த குட்டி ரோட்டரைச் செய்தன. 2008-இல் கார்ல் எஃப். புக்கரர் நிறுவனம் விளிம்பை மட்டும் சுற்றிவரும் வளைய ரோட்டரைக் கொண்டுவந்தது. பெரலே பெயரைத் தாங்கிய நிறுவனம் 2009-இல் நேர் எதிர் வழியில் போனது. அதன் டர்பைன் கடிகாரத்தில் விமான எஞ்சின்போலப் பன்னிரண்டு இறக்கைகள் முகப்பின் மேலேயே சுழல்கின்றன. சாவி ஏற்றும் ரோட்டர் தனியாகப் பின்பக்கம் இருக்கிறது. முன்னால் சுழல்வது கண்ணுக்காக. நின்றிருக்கும்போது இறக்கைகள் அடியிலுள்ள வண்ணத் தகட்டை மறைக்கும். சுழலும்போது, ஓடும் மின்விசிறிக்குப் பின்னால் உத்தரம் தெரிவதுபோல, வண்ணம் ஊடுருவித் தெரியும். இடைவெளி வழியே வரும் ஒளித்துண்டுகளை நம் கண் ஒட்டவைத்துக்கொள்கிறது.

துல்லியத்தை மட்டும் பார்த்தால் பேட்டரியில் ஓடும் சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் இவை அனைத்தையும் தோற்கடிக்கும். சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து நொடி அளவில் தவறும். துல்லியத்துக்கான சுவிஸ் குரோனோமீட்டர் சான்று பெற்ற இயந்திரத்துக்கே நாளொன்றுக்கு 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. ஆனாலும் கண்ணால் பின்தொடரக்கூடிய காரணகாரியம் இதில் இருக்கிறது. மணிக்கட்டு, எடை, கவட்டை, வில், சக்கரம், முள் என்று விரல்விட்டுக் காட்டி ஒரு குழந்தைக்கும் சொல்லிவிடலாம்.

சித்தப்பாவின் ஸீக்கோ இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் அப்படி உதறியிருக்கவே வேண்டியதில்லை. ரோட்டருக்கு வேகம் தேவையில்லை, உயரத்திலிருந்து தாழ்வுக்கு வருவதுதான் தேவை. நான் அதை நிமிர்த்திப் பிடித்து, ஸ்டீயரிங் திருப்புவதுபோல மெதுவாக முப்பது முறை திருப்புகிறேன். பாதியிலேயே நொடிமுள் கிளம்பிவிடுகிறது.