வெருகலுக்கும் நகரத்துக்கும் ஒரே வெட்டுப்புள்ளி

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் இருந்து ஒரு அக்கா வந்திருந்தார். மகள் வணிகப் பிரிவு. பெறுபேற்றுத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். "தம்பி, எங்கட ஊர் பின்தங்கின ஊர்தானே? பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி குறைச்சுத்தானே போடுவாங்க?" என்று கேட்டார்.

வெட்டுப்புள்ளி என்றால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி. அது ஊருக்கு ஊர் மாறும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு ஊர் தெரியாது, மாவட்டம் மட்டும்தான் தெரியும்.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமைக்குப் போகிறது. 55 வீதம் வரை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி போகிறது. மீதி 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. அந்தப் பட்டியலில் திருகோணமலை இருக்கிறது, கொழும்பும் கண்டியும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கற்கைநெறிக்கு 1000 இடம் என்றால் 400 பேர் திறமைப் பட்டியலில் உள்ளே போவார்கள். மாவட்டங்களுக்கு 550. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 2 கோடியே 4 இலட்சம் பேர், எங்கள் மாவட்டத்தில் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அந்த விகிதத்தில் 550இல் நமக்கு ஏறத்தாழ 10. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் இன்னும் 2. ஆக, பன்னிரண்டு கதிரை. திறமைப் பட்டியலில் நம் பிள்ளை ஒன்று போனால் அது இந்தப் பன்னிரண்டில் கழியாது, அடுத்த பிள்ளைக்கு வழி விடும்.

இந்தப் பன்னிரண்டுக்குத்தான் மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நகரத்தில் மாலையில் ரியூசன், சனி ஞாயிறு மீட்டல் வகுப்பு என்று படிக்கும் பிள்ளையும், வெருகல், கோமரங்கடவல, பதவிசிறிபுர பக்கத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். கொழும்போடு நமக்குள்ள இடைவெளியை ஒதுக்கீடு கொஞ்சம் குறைக்கிறது. மாவட்டத்துக்குள்ளே இருக்கும் இடைவெளியை அது தொடுவதே இல்லை. என் பார்வையில் இந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான்.

பாடசாலை வகையையும் சேர்த்துப் பாருங்கள். 1ஏபி பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் வழக்கமாகக் கலையும் வணிகமும். வகை 2 பாடசாலை சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். டொக்டராக நினைக்கும் கிராமத்துப் பிள்ளை பதினாறு வயதிலேயே வீட்டை விட்டு விடுதிக்கோ, நகரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததில் மூதூர்ப் பக்கத்துப் பயணம் எவ்வளவோ லேசாகிவிட்டது. அதற்கு முன் 'பாதை' என்ற மிதவைப் படகு வந்து சேரும்வரை புத்தகப்பையோடு கரையில் காத்து நின்றவர்களுக்கு அந்த அருமை தெரியும். போக முடியாதவர்கள் கலைப் பிரிவில் இருந்துவிடுகிறார்கள். கலைத்துறைத் தெரிவோ பிரதானமாக அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நடப்பது. அங்கே மாவட்டச் சலுகை கைகொடுக்காது.

வெட்டுப்புள்ளியைக் கணக்கிடும் இசட் புள்ளியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது கிராமத்துக்குச் சலுகைப் புள்ளி இல்லை. ஒரு பாடத்தில் நாட்டின் சராசரியில் இருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தூரம் என்பதை நியம விலகலால் அளந்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். லேசான பாடம், கடினமான பாடம் என்ற வித்தியாசத்தைச் சமப்படுத்த 2001இல் வந்த முறை அது. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும்.

மாவட்ட ஒதுக்கீடு 1974இல் வந்தபோது யாழ்ப்பாணத்தை அடித்தது. அதுவரை பல்கலைக்கழகத்தைத் தூரத்தில் பார்த்த திருகோணமலை, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அதே முறை கதவு திறந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். உங்கள் மாவட்டம் எது என்பதை, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். இடையில் வேறு மாவட்டத்துக்கு மாறியவர்கள் அந்த ஆண்டுக் கைநூலில் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம அலுவலர் சான்றிதழ் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அப்புறம் யூனி கோட் ஒழுங்கு, அதாவது கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை விருப்ப வரிசையில் எழுதுவது. மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் புள்ளிக்கு முதலில் எது அகப்படுகிறதோ அதிலே நின்றுவிடும், அதற்குக் கீழே எழுதியவை எல்லாம் வீண். அக்காவின் மகள் கொப்பித் தாளில் எழுதி வந்த பட்டியலில் முதலாவது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம், ஜயவர்தனபுர முகாமைத்துவம் ஐந்தாவது. "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டேன். "ஐந்தாவது. ஆனா முதலாவதுதான் கிடைக்குமெண்டு ஸேர் சொன்னவர்" என்றாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒன்று என்று இலக்கமிட்டு, பேனையை அவளிடமே கொடுத்தேன்.