மருத்துவர் பேசியதும் குடும்பத்தாருக்குப் புரிந்ததும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளி பெரும்பாலும் பேசும் நிலையில் இருப்பதில்லை என்பதால், மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதும் சிகிச்சை பற்றிய முடிவுகளில் பங்கெடுப்பதும் குடும்பத்தாரின் பொறுப்பாகிவிடுகின்றன. எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாக மருத்துவர் மனதார நம்பலாம். ஆனால், அந்த விளக்கம் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கேட்டவரிடம்தான் சோதித்துப் பார்க்க முடியும்.

பாரிசில் ஒரு மருத்துவக் குழு அதைத்தான் செய்தது. மருத்துவரைச் சந்தித்துவிட்டு வந்த உறவினரிடம் நோய் என்ன, பிழைக்கும் வாய்ப்பு எப்படி, என்ன சிகிச்சை நடக்கிறது என்று கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, 54 விழுக்காட்டினருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று புரிந்திருக்கவில்லை. முதல் சந்திப்பு 10 நிமிடத்துக்குள் முடிந்துபோன குடும்பங்களில் இந்தக் குறை கூடுதலாக இருந்தது.

மருத்துவரின் பேச்சு எப்படி இருந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டறிய வழக்கமாகக் கையாளப்படும் கருவி வினாத்தாள். அதில் ஒரு சிக்கல் உண்டு: உயிரைக் காக்கப் போராடும் மருத்துவரைக் குறைத்து மதிப்பிட மனம் வராமல் பலரும் 'நன்று' என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் சில வினாத்தாள்களில் 'மிகச் சிறப்பு' என்ற விடைகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படுகின்றன. கறாரான முறைதான் என்றாலும், அதுவே நியாயமானது என்று கருதுகிறேன்.

அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் உரையாடலையே அளந்தார்கள். மருத்துவமனைகளில் நடந்த 51 குடும்பச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்கிட்டார்கள். சராசரியாக 32 நிமிடம் நீடித்த அந்தச் சந்திப்புகளில் 71 விழுக்காடு நேரம் மருத்துவத் தரப்பே பேசியிருந்தது. குடும்பத்தாருக்குக் கிடைத்தது 29 விழுக்காடு. 2004-இல் வெளியான இவ்வாய்வில், சந்திப்பின் நீளத்துக்கும் குடும்பத்தாரின் மனநிறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அவர்கள் பேசிய பங்கு கூடக்கூடத்தான் மனநிறைவும் கூடியது. தம் அச்சத்தையும், நோயாளி எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்ல இடம் கிடைத்தவர்களுக்கு மருத்துவரின் பேச்சும் நல்ல பேச்சாகத் தோன்றியிருக்கிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இது வெறும் மனநிறைவோடு நின்றுவிடுவதில்லை. பிரான்சின் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவில் வழக்கமான சந்திப்பு நடந்தது. மற்றதில், கேள்வி கேட்கவும் உணர்வுகளை ஏற்றுக்கொண்டு செவிமடுக்கவும் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் தரப்பட்டது. துயருறும் குடும்பங்களுக்கான கையேடும் வழங்கப்பட்டது. வழக்கமான சந்திப்பில் 5 நிமிடம் பேசிய குடும்பத்தார் இங்கே 14 நிமிடம் பேசினார்கள். 90 நாள்களுக்குப் பின் தொலைபேசியில் விசாரித்தபோது, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் முதல் பிரிவில் 69 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் பிரிவில் 45 விழுக்காட்டினரிடமும் தென்பட்டன.