துருவுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு

கடலோர ஊரில் பல வருடம் கிடந்த பழைய புல்லட்டைப் பிரித்து, ஃபிரேமைத் தனியே எடுத்தால் குழாய் முழுக்கத் துருதான் தெரியும். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளுமாக உட்கார்ந்தால் ஒரே நாளில் பளபளப்பாக்கி, பெயிண்டும் அடித்துவிடலாம். நான் முதலில் செய்த ஃபிரேம் அப்படித்தான் தயாரானது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பழைய துரு இருந்த அதே இடங்களில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. துரு போயிருந்தது, உப்பு போகவில்லை.

இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு வரும் என்பது பள்ளிப் பாடம். அந்தத் துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். அதனால் உப்பி, வெடித்து, பொருக்காக நிற்கும். அலுமினியத்தின் ஆக்சைடு தோல் போல ஒட்டிக்கொண்டு அடியில் உள்ள உலோகத்தைக் காக்கிறது. துருவோ பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

கடற்காற்றில் வரும் குளோரைடு அயனிகள் இந்தப் பொருக்கின் விரிசல் வழியே இறங்கி, இரும்பில் விழுந்திருக்கும் சிறு குழிகளில் தங்கிவிடும். அங்கே கரைந்துவரும் இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகும். அதனால் குழிக்குள் இருக்கும் ஈரம் அமிலமாகும். அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கும். இத்தனையிலும் குளோரைடு செலவாவதே இல்லை, வேலை முடித்துவிட்டு மறுபடி அதே வேலைக்கு வந்து நிற்கும். பிரஷ்ஷின் கம்பி குழியின் அடிவரை போகாது. மேலே பெயிண்ட் அடித்தாலும் அந்த உப்பு பெயிண்ட் வழியாகவே ஈரத்தை இழுக்கும். கொப்புளம் வந்த கதை அதுதான்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. துரு சட்டென்று கரையும், உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெளியேற்ற வேண்டிய குளோரைடை நாமே வெல்டிங் இடுக்குகளில் ஊற்றியதாக ஆகும். ஸ்பிரிங்கையும் கடினமான போல்ட்டையும் அதில் போட்டால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவை உடையும் அளவுக்கு நொறுங்கு தன்மை வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது மின்சார முறை. ஹாலோ பிளாக்கை அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்தால் ஃபிரேம் முங்கும் தொட்டி தயார். பத்து லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 100 கிராம் சலவை சோடா போதும். சமையல் உப்பு கூடவே கூடாது, குளோரின் வாயு வரும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸை ஃபிரேமிலும், பிளஸைச் சுற்றி நிறுத்திய பழைய இரும்புத் தகடுகளிலும் மாட்ட வேண்டும். எவர்சில்வர் தகடு வேண்டாம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்தில் தண்ணீரில் கலக்கும்.

மின்சாரம் ஓடியதும் ஃபிரேமின் மேல் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். அவை துருவை அடியிலிருந்து நெம்பும். துருவில் ஒரு பங்கு, மேக்னடைட் என்ற தளர்வான கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். போன இரும்பு திரும்பி வராது, ஆனால் இருக்கிற நல்ல இரும்பு ஒரு துளியும் கரையாது. நான் இதை விரும்புவதற்கு முக்கியக் காரணம் வேறு: குளோரைடு எதிர்மின் அயனி என்பதால், குழிக்குள்ளிருந்து வெளியேறி பிளஸ் தகட்டை நோக்கி நகரும். ஒன்றிரண்டு நாள் ஓடவிட்டு, நடுவில் தண்ணீரை மாற்றினால் நல்லது. ஹைட்ரஜன் தீப்பற்றும், ஆகவே திறந்தவெளியில் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள்.

ஒரு குறை உண்டு. தகடு எதிரே இல்லாத இடத்துக்கு மின்சாரம் சரியாகப் போகாது, குழாயின் உள்பக்கம் அப்படியே இருக்கும். மணலைப் பீய்ச்சி அடிக்கும் பிளாஸ்டிங்கிலும் இதே சிக்கல்தான்.

கை எட்டாத இடத்துக்கு, டானின் என்ற துவர்ப்புப் பொருள் கலந்த ‘துரு மாற்றி’ திரவம் இருக்கிறது. கலம்காரி ஓவியர்கள் கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லத்தோடு இரும்பை ஊறவைத்த கரைசலால் கோடு இழுத்ததும் கறுப்பு பிடிக்கிறதே, அதே வேதியியல்தான். கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கருநிறப் பொருளாகிறது. துருவின் மேலும் அப்படி ஒரு படலம் உருவாகும். ஆனால் உப்பைக் கழுவிய பிறகு பூசினால்தான் அது நிற்கும்.

தொட்டியிலிருந்து எடுத்த ஃபிரேம் சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூக்கத் தொடங்கும். கருப்புப் படிவைத் தேய்த்து எடுத்து, சுடுதண்ணீரில் அலசி, கம்ப்ரஸர் காற்றால் உடனே உலர்த்துங்கள். அன்றைக்கே பிரைமர். அது காய்ந்த அப்புறம் குழாய்க்குள் மெழுகு கலந்த எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை நாலு பக்கமும் புரட்டி, மிச்சம் வடிகிற வரை சாய்த்து வையுங்கள். ஈரம் வெளியேற இருக்கும் சிறு ஓட்டைகள் பெயிண்டில் அடைபட்டிருந்தால், கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.