பிடுங்கிய பிறகும் விடாத பிடி

ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஒரு வெப்கேமராவையோ பென் டிரைவையோ சட்டென்று பிடுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சில கணினிகளில், அதுவும் சில வேளைகளில் மட்டும், அடுத்த கணமே திரை நீலமாகி (2025 முதல் புதிய விண்டோஸ் 11-இல் கருப்பாகி) இயங்குதளம் விழுந்துவிடுகிறது. பழியைப் பிடுங்கியவர் மேல் போடுவதுதான் வழக்கம், அது நியாயமில்லை. 1996-இல் வெளிவந்த யூஎஸ்பி, கணினி ஓடும்போதே செருகவும் கழற்றவும் முடிய வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் வடிவமைக்கப்பட்டது. பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போவதற்குக் கழற்றிய கை பொறுப்பாகலாம். இயங்குதளமே விழுவதற்குக் காரணம் பெரும்பாலும், இல்லாமல் போன பொருளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு நிரல்.

வழக்கமான தட்டையான யூஎஸ்பி முனையின் உள்ளே பார்த்தால் பழைய வகையில் நான்கு உலோகப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள இரண்டைவிடச் சற்று நீளமானவை. ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை தரவுக்கு. ஆகவே செருகும்போது மின்சாரம் முதலில் சேர்கிறது, பிடுங்கும்போது தரவு முதலில் அறுகிறது. யூஎஸ்பி 2.0-இன் அதிவேக முறையில், சாதனம் போய்விட்டால் கம்பியின் முனையில் சமிக்ஞையை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாததால் அது எதிரொலித்துத் திரும்புகிறது, அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 125 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, சாதனம் செருகப்படும் இடமான போர்ட் இதைச் சோதித்து, உயர்வைக் கண்டதும் சாதனம் அகன்றது என முடிவு செய்கிறது.

125 மைக்ரோநொடி நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சிபியுவில், தனியே வேலை செய்யக்கூடிய பகுதியான ஒரு கோர் அதற்குள் 3,75,000 துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. அதற்கு மேலும், போர்ட் அறிந்த செய்தி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும், கெர்னலிடமிருந்து அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவருக்கும் போய்ச் சேர வேண்டும். சாதனம் இல்லை, ஆனால் இருப்பதாகவே மென்பொருள் நம்புகிறது என்ற இந்த இடைவெளியைத் தவிர்க்க முடியாது. அதைப் பிழையின்றிக் கடக்கும் பொறுப்பு டிரைவரை எழுதியவருடையது.

‘பாதுகாப்பாக அகற்று’ என்பதைச் சொடுக்கும்போது விண்டோஸ் முதலில் டிரைவரிடம் அனுமதி கேட்கிறது. சாதனம் பயன்பாட்டில் இருந்தால் டிரைவர் மறுக்கலாம். சொல்லாமல் பிடுங்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை. போய்விட்டது என்ற தகவல் மட்டும் வருகிறது. அப்போது டிரைவர் புதிய வேலைகளை ஏற்க மறுத்து, பாதியில் நிற்கும் கோரிக்கைகளைப் பிழையோடு முடித்து, ஓடும் டைமர்களை நிறுத்தி, எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகே சாதனத்துக்காக ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்க வேண்டும். இந்த வரிசை பிறழ்வதுதான் வினை.

யூஎஸ்பி வழியாக இணையும் சீரியல் மாற்றி (பழைய வகை சீரியல் கருவிகளைக் கணினியோடு இணைப்பது) ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு செயலி (ஆப்) அதில் தரவு எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த எழுத்து வேலை ஒரு கோரில் நடக்கிறது. கேபிளை இழுத்ததும், அகற்றும் வேலை இன்னொரு கோரில் தொடங்கி நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. கெர்னல் அந்த இடத்தை உடனே வேறு எதற்காவது கொடுத்திருக்கலாம். முதல் கோருக்கு இது தெரியாது. தன்னிடம் உள்ள பழைய முகவரியை நம்பி அங்கே எழுதுகிறது. இரண்டு வேலைகளும் சில நானோநொடி முன்பின்னாக அமைந்தால் ஒன்றும் நேராது. தொண்ணூறு முறை தப்பித்து அடுத்த முறை விழுவது இதனால்தான்.

சாதாரணச் செயலி இப்படித் தவறினால் அதை மட்டும் மூடிவிடலாம். டிரைவர் கெர்னலின் நினைவகத்திலேயே வாழ்வதால், அது எதைக் கெடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கெட்ட தரவு வட்டில் எழுதப்படுவதற்குள் நின்றுவிடுவதே மேல் என்று கெர்னல் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரை என்பது ஒரு தற்காப்பு.

ஒரே கேபிளில் பல சாதனங்களை இணைக்கும் தண்டர்போல்ட் டாக் போன்றவற்றில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே கணினியின் உள்பாகங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பே கேபிள் வழியாகச் செல்கிறது; இல்லாத சாதனத்தின் ரெஜிஸ்டரை, அதாவது அதன் நிலையைக் காட்டும் சிறு பதிவிடத்தைப் படித்தால் வழக்கமாக எல்லாப் பிட்டுகளும் 1 ஆக, அதாவது 32 பிட்டில் 4,29,49,67,295 என்ற எண் திரும்புகிறது. வேலை முடிந்தால் குறிப்பிட்ட பிட் 0 ஆகும் என்று காத்திருக்கும் டிரைவர், காலவரம்பு எதுவும் வைக்கவில்லையெனில், என்றென்றும் காத்திருக்கும். திரை நீலமாகாது, அப்படியே உறைந்து நிற்கும்.

ஆகவே பழுது தேடுபவர் முதலில் கவனிக்க வேண்டியது, கணினி எப்படி விழுந்தது என்பதை. எந்தச் செய்தியும் இல்லாமல் மின்சாரம் போனதுபோல் அணைந்து எழுந்தால், மென்பொருளைத் தேடுவதற்கு முன் தளர்ந்த போர்ட், வளைந்த முனை, மின்வழங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதே சாதனத்தை வேறு போர்ட்டில் செருகிப் பிடுங்கினாலே பாதி விடை கிடைத்துவிடும். உறைந்து நின்றால் மேலே சொன்ன முடிவற்ற காத்திருப்பைச் சந்தேகிக்கலாம். நீலத்திரை வந்தால் அதிலுள்ள பிழையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றியபோது ஒன்றும் ஆகாமல், பிறகு கணினியை உறங்க வைக்கும்போது ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்று வந்தால், முடிக்கப்படாத ஒரு கோரிக்கை எங்கோ தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

அடுத்து, அந்தச் சாதனத்தைப் பயன்படுத்தும் செயலியை மூடிவிட்டுப் பலமுறையும், திறந்து வைத்துப் பலமுறையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் சேமித்துவிடுங்கள். திறந்திருக்கும்போது மட்டும் விழுந்தால், பாதியில் நின்ற கோரிக்கையை டிரைவர் கையாளும் முறையில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸில் முந்தைய தொடக்கத்தின் கெர்னல் பதிவைப் படித்தால், விழுந்த செயற்கூறின் பெயர் பல வேளைகளில் கிடைக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புறையில், கணினி விழுந்தபோது பதிவான டம்ப் கோப்பை விண்டிபக் என்ற பழுது ஆய்வுக் கருவியில் திறந்தால் சந்தேகத்துக்குரிய டிரைவரைக் காட்டும்.

அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. விடுவிக்கப்பட்ட இடத்தில் ஒரு டிரைவர் எழுதிச் சென்றபின், அங்கே புதிதாகக் குடியேறிய வேறொரு நிரல் தடுக்கி விழலாம். அறிக்கையில் குற்றமற்றதன் பெயர் வரும், சில வேளைகளில் கெர்னலின் பெயரே வரும். இதற்காகவே விண்டோஸுடன் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி வருகிறது. அதன் சிறப்பு நினைவக முறை, விடுவித்த பக்கத்தை யாரும் தொட முடியாதபடி சிறிது காலம் பூட்டி வைப்பதால், தவறு செய்யும் டிரைவர் தொட்ட இடத்திலேயே பிடிபடுகிறது. சந்தேகப்படும் டிரைவர்களுக்கு மட்டும் அதை இயக்குங்கள். தொடங்கும்போதே மீண்டும் மீண்டும் விழ நேர்ந்தால் மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கருவியை அணைக்க வேண்டியிருக்கும். குற்றவாளி உறுதியானால் புதிய பதிப்பை நிறுவிப் பாருங்கள், அதுவும் பயனில்லையெனில் டம்ப் கோப்போடு அதை எழுதியவர்களுக்கே தெரிவியுங்கள்; அதுவரை செயலியை மூடிய பிறகே கேபிளைத் தொடுங்கள்.

கழற்றியது இயங்குதளமே குடியிருக்கும் வட்டாக இருந்தால் எந்த டிரைவரையும் குறை சொல்ல முடியாது. யூஎஸ்பி வட்டிலிருந்து விண்டோஸை இயக்குவதற்காக முன்பு இருந்த விண்டோஸ் டு கோ, இதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது: வட்டைப் பிடுங்கியதும் கணினி அப்படியே உறைந்து 60 நொடி காத்திருக்கும், அதற்குள் திரும்பச் செருகினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லையெனில் அணைந்துவிடும்.