முன்சில்லு எழும்புகிற மெசின்

பெரிய இன்ஜின் பூட்டிய அமெரிக்க மசில் கார்கள் முன்சில்லுகளைத் தூக்கிக்கொண்டு பாய்கிற வீடியோக்களை நம்ம பொடியன்மார் போனில் விடிய விடியப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று டொட்ஜ் சலஞ்சர் டீமன், 2018 மாடல், 840 குதிரைவலு. கம்பெனியிலிருந்து வந்தபடியே, நின்ற இடத்திலிருந்து கிளம்பி 2.92 அடி தூரம் முன்சில்லு நிலத்தில் படாமல் ஓடி கின்னஸில் ஏறிய கார். பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. மட்டக்களப்புப் படுவான்கரையில் கராஜ் வைத்து உழவு மெசின், அதாவது டிராக்டர், திருத்துகிறவனுக்கு அதைப் பார்க்கும்போது வேறு யோசனை வருகிறது. அந்தக் காரில் பத்தில் ஒரு பங்கு வலுக்கூட இல்லாத மெசினும் வயலுக்குள் இதே வேலையைச் செய்யும், ஓட்டுகிறவன் கேட்காமலே.

இன்ஜின் பின்சில்லை முன்னால் சுற்றும்போது, அதே முறுக்கு மெசினின் உடம்பைப் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். முன்பக்கத்துப் பாரம்தான் அதை அமத்தி வைத்திருக்கிறது. அந்தப் பாரத்தைத் தூக்க காருக்குப் பெரிய இன்ஜினும் நிலத்தோடு ஒட்டுகிற டயரும் வேண்டும். மெசினுக்கு கியர் போதும். லோ முதல் கியரில் இன்ஜின் நூறு தடவைக்கு மேல் சுற்றினால்தான் பெரிய சில்லு ஒரு தடவை சுற்றும். வேகம் குறைகிற அளவுக்கு முறுக்கு கூடும்.

பெரும்போக உழவு நேரம், மழை ஊறிய வட்டைக்குள், வயல்வெளிக்குள், மெசின் புதைகிறது. உடனே ஒரு மரக்குற்றியைக் கொண்டுவந்து பின்சில்லுக்கு முன்னால் கொடுத்து, சங்கிலியால் சில்லோடு கட்டிவிட்டு கிளச்சை விடுவார்கள். பல தடவை மெசின் ஏறி வந்தும் விடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போகவில்லை. குற்றி அடியில் இறுகி, சில்லு ஒரு அங்குலமும் அசைய முடியாமல் போகிற நாளில் சுற்றுவதற்கு மிச்சம் இருப்பது மெசின் மட்டும்தான். முன்பக்கம் எழும்பத் தொடங்கி முக்கால் செக்கனுக்குள் திரும்பி வராத இடத்தைத் தாண்டிவிடும். ஒன்றரைச் செக்கனில் மெசின் மல்லாந்து கிடக்கும், ஓட்டியவர் அடியில். குதித்துத் தப்பலாம் என்பது மரநிழலில் இருந்து கதைக்கிற கதை.

புதைந்தால் முதலில் பின்கியர் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் சில்லுக்கு முன்னால் மண்ணை வெட்டுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு மெசினைக் கூப்பிடுங்கள். முன்பக்கம் லேசாக எழும்பினாலும் கால் போகவேண்டியது கிளச்சுக்கு. மெசின் பின்னால் உருளும்போது திடீரென்று பிரேக்கை மிதித்தாலும் முன்பக்கம் மேலே வரும்.

அப்புறம் சங்கிலி கட்டுகிற இடம். கராஜுக்கு வருகிற மெசினின் பின்பக்கத்தைப் பார்த்தாலே ஆளின் பழக்கம் தெரியும். கீழே, இழுப்பதற்கென்றே இருக்கிற ட்ரோபார் கம்பியின் ஓட்டைகளில் துரு ஏறியிருக்கும். மேலே, கலப்பையின் மேற்பக்கத்தைப் பிடிக்கிற டொப் லிங்க் கம்பி பூட்டுகிற இடம் சங்கிலி உரசி உரசி வெள்ளிபோல மினுங்கும். ஒரு தம்பியிடம் கேட்டேன்.

"என்னத்துக்கு மனே மேல கட்டுற?"

"கீழ கட்டினா சில்லு சும்மா சுத்துது அண்ணன். மேல கட்டினாத்தான் புடிக்குது."

அவன் சொன்னது சரி, ஆபத்தும் அதிலேதான். மேலே கட்டி இழுத்தால் முன்சில்லின் பாரம் கழன்று பின்சில்லுக்கு வரும், அதனால் பிடிப்பு கூடும். ஆனால் அந்தப் பிடிப்பு முன்பக்கத்திலிருந்து வாங்கிய கடன். கீழே ட்ரோபாரில் கட்டினால், முன்பக்கம் எழும்ப எழும்ப ட்ரோபார் நிலத்தை நோக்கி இறங்கும். இழுவை தானாகத் தளர்ந்து முன்சில்லு திரும்ப நிலத்தில் விழும். மேலே கட்டினால் அந்தக் காவல் இல்லை.

ரேஸ் கார்க்காரர்கள் சும்மா தூக்குவதில்லை. பலதில் காருக்குப் பின்னால் நீண்ட கம்பிகளில் சின்னச் சில்லுகள் பூட்டியிருக்கும். அளவுக்கு மேல் எழும்பினால் அவை நிலத்தில் முட்டிப் பிடித்துக்கொள்ளும். 2016இல் 'ஹெமி அண்டர் கிளாஸ்' என்ற பழைய பிளிமத் பரகூடா, அமெரிக்க டிவிக்காரர் ஜே லெனோ பக்கத்து சீட்டில் இருக்க, முன்பக்கத்தைத் தூக்கி ஓடி இறங்கும்போது உருண்டது. உள்ளே இரும்புக் கூண்டும் பெல்ட்டும் இருந்தபடியால் இரண்டு பேரும் பெரிய காயமில்லாமல் வெளியே வந்தார்கள். மெசினுக்கும் அப்படி உண்டு, சீட்டுக்குப் பின்னால் நிற்கிற உருக்கு வளைவு. சுவீடனில் 1959ஆம் ஆண்டிலேயே புது மெசின்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே வளைவோடு வந்த மெசினில்கூட, மரக்கொப்பு தட்டுகிறது என்று கழற்றி மூலையில் சாத்திவிடுகிறார்கள். பூட்டுங்கள், பெல்ட்டையும் போடுங்கள். பெல்ட் இல்லாவிட்டால் வளைவு மெசினைத் தாங்கும், ஆள் வெளியே விழுந்து நசிவார்.

பின்னால் பூட்டிய ரொட்டவேட்டரை, மண் கிளறுகிற கருவியை, தூக்கிக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறும்போதும் இதே கணக்குத்தான். முன்பக்கம் ஏற்கெனவே லேசு. செங்குத்தான இடத்தில் பின்கியரில் ஏறுங்கள், முன்பாரக் கட்டிகளைக் கழற்றி விற்காதீர்கள். மட்கார்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போவதைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

மேலே ஒரு கொளுக்கி ஒட்டித் தாருங்கள் என்று இன்னும் ஆட்கள் வருகிறார்கள். ஒட்டுவதில்லை. ட்ரோபார் ஓட்டை தேய்ந்து அதில் போடுகிற ஆணி ஆடுகிறதென்றால் கொண்டு வாருங்கள், அடைத்துத் திரும்பத் துளைத்துத் தருகிறேன்.